கம்பத்துக்கு ரயில் வந்தாச்சு!

செருப்பை இந்தப் பக்கம் கழற்றிப் போடுங்கள். அந்தப் பக்கம் போட்டால் உசிலம்பட்டி ஸ்டேஷன் மூடிப்போகும். குனிந்து வாங்க, தென்னை மட்டை தலையில் இடிக்கும். இடது காலுக்குக் கீழே பாருங்கள், அதுதான் ஆண்டிபட்டிக் கணவாய். மிதித்துவிடாதீர்கள், சிமென்ட் இன்னும் காயவில்லை!

சின்னமனூரைத் தாண்டி, ஒரு பக்கம் மேகமலையும் மறுபக்கம் கேரள மலையும் தெரிகிற தென்னந்தோப்பு இது. ரோட்டிலிருந்து பார்த்தால் பத்தோடு பதினொன்று. உள்ளே நுழைந்தால் மதுரையில் கிளம்பி லோயர் கேம்ப் வரைக்கும் போகிற ரயில் பாதை ஓடுகிறது. வரப்பு ஓரமாக, வாய்க்கால் மேலே, மாட்டுத் தொழுவத்தைச் சுற்றிக்கொண்டு! தோப்புக்காரர் ரிட்டயர்டு வாத்தியார். பெயர் போடக் கூடாது என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். "பேரு வந்துச்சுன்னா ஊர்ப் பிள்ளைக பூராம் சுவரேறிக் குதிச்சிரும்." அவ்வப்போது கூட்டாளிகளைக் கூப்பிட்டு, அசல் ரயில்வே மாதிரி டைம்டேபிள் போட்டு, ஒரு நாள் முழுக்க வண்டி ஓட்டுவார். கூப்பிடப்பட்டவர்களில் ஒருவருடைய முதுகோடு ஒட்டிக்கொண்டு நானும் உள்ளே வந்துவிட்டேன். நீங்கள் என் முதுகோடு ஒட்டிக்கொள்ளுங்கள்.

வந்ததும் காபி கிடைக்கும் என்று நினைத்தீர்களா? தென்னமாறு கிடைக்கும். ராத்திரி அடித்த ஆடிக்காற்றில் தண்டவாளம் முழுக்கக் குரும்பையும் பன்னாடையும். கூட்டாளிகள் எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாதையைக் கூட்டுகிறார்கள். வண்டி தடம் மாறுகிற பாயின்ட் ஒவ்வொன்றிலும் கட்டெறும்பு குடியிருக்கிறது. அதற்குப் பழைய டூத் பிரஷ். வாய்க்கால் பாலத்துக்கு அடியில் செருகியிருந்த பிவிசி குழாயிலிருந்து ஒரு தேரை எட்டிப் பார்த்தது. "அவரு பெர்மனென்ட் ஸ்டாஃப், தொந்தரவு பண்ணாதீக" என்றார் வாத்தியார்.

அடுத்து மோட்டார் ரூம். லோகோ ஷெட் அதுதான். யூரியா சாக்குக்கும் மருந்தடிக்கிற ஸ்பிரேயருக்கும் நடுவே, துண்டு விரித்து, அதன் மேல் வரிசையாக இன்ஜின்கள்! ஒய்.டி.எம்.4 டீசல் ஒன்றைக் கையில் தூக்கிக் கொடுத்தார். கனமான கனம். சக்கரமும் அடிச்சட்டமும் வெளிநாட்டு வாங்கல். மேலே இருக்கிற கூடு எண்ணெய் டின் தகரம். கைப்பிடிக் கம்பி சைக்கிள் ஸ்போக்ஸ். முன்விளக்கு ஒரு சட்டைப் பொத்தான். வயிற்றைத் திறந்தால் டிரில்லிங் மெஷின் பேட்டரி. தண்டவாளத்தில் கரண்ட் கிடையாது, எல்லாம் பேட்டரியும் ரிமோட்டும்தான். "மழையும் எறும்பும் இருக்கிற எடத்துல கரண்ட்ட நம்பி ரயில் விட முடியுமா?" பெட்டிகளுக்கு அந்தக் காலத்து அரக்குச் சிவப்பு. ஜன்னலில் கை வைத்து உட்கார்ந்திருக்கிற பயணிகளைக் கிட்டத்தில் பார்த்தேன். பல்லாங்குழிச் சோழி, மேலே ஸ்கெட்ச் பேனாவால் மீசை.

இந்த அளவை வாத்தியார் ஏன் பிடித்தார் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். 1968-ல் ஜெர்மனியில் லேமன் கம்பெனி எல்.ஜி.பி. என்ற பெயரில் தோட்டத்து ரயில்களைக் கொண்டுவந்தது. தண்டவாள இடைவெளி 45 மில்லிமீட்டர். வண்டிகள் அசலில் இருபத்திரண்டரையில் ஒரு பங்கு. பெருக்கிப் பாருங்கள்: கிட்டத்தட்ட ஒரு மீட்டர்! நம் மதுரை–போடி பாதையும் மீட்டர் கேஜ்தானே. 1928-ல் போட்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள், ஐம்பதுகளில் திரும்பப் போட்டார்கள். 2010 முடிவில் அகலப் பாதைக்காக மூடினார்கள். தேனிக்கு 2022 மே மாதமும் போடிக்கு 2023 ஜூன் மாதமும் ரயில் திரும்பி வந்தது, அகல ரயிலாக. பழைய மீட்டர் கேஜ் போன இடம் தெரியவில்லை. இந்தத் தோப்பில் மட்டும் அது கணக்குப் பிசகாமல் கிடக்கிறது.

சும்மா வட்டமடிக்கிற பொம்மை ரயில் பார்த்திருப்பீர்கள். அஞ்சு நிமிஷத்தில் கொட்டாவி வரும். இங்கே அது நடக்காது. வேகன் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு உண்டு. 'ஏலக்காய், போடியிலிருந்து மதுரைக்கு.' 'பன்னீர் திராட்சை, கம்பத்திலிருந்து தேனிக்கு.' 'வாழைத்தார், சின்னமனூரிலிருந்து மதுரைக்கு.' சீட்டு என்ன சொல்கிறதோ அந்த வேகனை அந்த ஊரில் கழற்றி விட வேண்டும், அல்லது கோத்துக்கொண்டு வர வேண்டும். கைக்கடிகாரத்துக்கு இங்கே மதிப்பில்லை. தோப்பு மணி தனி, பத்து நிமிஷம் போனால் ஒரு மணி நேரம். எட்டு மணி வண்டி கிளம்பிப் போனதும் தலையைச் சொறிந்தால் போதும், எட்டரை ஆகிவிடும்.

வேலை பிரிக்கிற நேரம்தான் கல்யாண வீட்டுக் களேபரம். போடியிலிருந்து வந்த ஏலக்காய் வியாபாரிக்கு கூட்ஸ் வண்டி. மதுரைப் பல் டாக்டருக்கு பாசஞ்சர். கல்லூரிப் பையன் ஒருவனுக்கு ஷன்டிங். தேனி ஸ்டேஷனுக்கு மட்டும் போட்டியே இல்லை, ஏனென்றால் அங்கே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் அசல் ஸ்டேஷன் மாஸ்டர்! ரிட்டயர்டு ஆனாலும் விசில், பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, நீளமான ரிஜிஸ்டர், எல்லாம் வந்திருக்கிறது. ஒற்றைப் பாதை என்பதால் டோக்கன் இல்லாமல் வண்டி நகரக் கூடாது. அசலில் இரும்புப் பந்தைத் தோல்பையில் போட்டுப் பிரம்பு வளையத்தில் மாட்டிக் கொடுப்பார்கள், ஓடுகிற இன்ஜினிலிருந்து கையை நீட்டி வாங்குவார்கள். இங்கே வளையல். வளையலில் மரக் குண்டு. கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை வாத்தியாரின் பேத்திக்கு. ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுகிறாள்.

"ஆண்டிபட்டி, லைன் கிளியர் கேக்குறேன்."

முப்பதடி தள்ளி நின்ற பையன், "சரி சார், அனுப்புங்க" என்றான்.

"என்னப்பா சரி? பிரைவேட் நம்பர் சொல்லு!"

அசல் ரயில்வேயில் லைன் கிளியர் கொடுத்ததற்கு அடையாளமாக ஸ்டேஷன் மாஸ்டர்கள் தங்களுக்குள் ரகசிய எண் சொல்லிக்கொள்வார்கள். பையன் முழித்தான். பிறகு செல்போன் எண்ணின் கடைசி இரண்டைச் சொன்னான். மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டு ரிஜிஸ்டரில் எழுதினார். விசில். பச்சைக் கொடி. அரக்குச் சிவப்பு பாசஞ்சர் குலுங்கிக் கிளம்பியது. வளர்ந்த மனிதர்கள் அத்தனை பேரும் கைதட்டினோம், வெட்கமே இல்லாமல்!

கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்கள். மாமரத்துக் கிளையில் 'டாப் ஸ்டேஷன்' என்று எழுதியிருக்கிறதா? அங்கேயிருந்து கீழே கோட்டகுடி வரைக்கும் தூண்டில் நரம்பு கட்டியிருக்கிறார். அது ரோப்வே. மூணாறுப் பக்கத்துக் குண்டலைப் பள்ளத்தாக்கில் 1902-ல் மாடு இழுக்கிற ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. 1908-ல் இரண்டடி ரயிலாக மாற்றினார்கள். தேயிலைப் பெட்டி டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, ரோப்வேயில் தொங்கிக்கொண்டு கோட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வரும். 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. வாத்தியாரின் ரோப்வேயில் இறங்குவது தீப்பெட்டி, உள்ளே அசல் தேயிலைத் தூள். அப்படித்தான் திட்டம். போடி வியாபாரி முறைப்படி சரக்கைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே தேன்மிட்டாய் இருந்தது. மரத்தின் மேலே இரண்டு பொடியன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

பதினோரு மணிக்குக் காற்று ஏறியது. கணவாய் வழியாக ஆடிக்காற்று அடித்தால் காற்றாலைக்காரர்களுக்குக் கொண்டாட்டம், நமக்குக் காலி வேகன் கவிழும். கவிழ்ந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக நான்கு. "கிரேனை வரச்சொல்லு!" என்று கத்தினார் டாக்டர். கிரேன் என்றால் அவருடைய அஞ்சு விரல்தான். காலி வேகனுக்குள் கூழாங்கல் போட்டு ஓட்டலாம் என்று முடிவானது. கூழாங்கல்லுக்கும் சீட்டு எழுத வேண்டும் என்று மாஸ்டர் ஒற்றைக் காலில் நின்றார். எழுதினார்கள்.

அடுத்து மயில். ஆண்டிபட்டி லூப் லைனில் வந்து நின்றது, நின்றபடியே நின்றது. கூட்ஸ் வண்டி ஹாரன் அடித்தது. மயில் இன்ஜினை ஒரு கொத்து கொத்திவிட்டு மறுபடி நின்றது. தேசியப் பறவையை யார் விரட்டுவது? எதிர் வண்டி தேனியில் காத்துக்கிடக்க, தோப்பு மணியில் இரண்டு மணி நேரம் போனது. வியர்வை வழிய உட்கார்ந்திருந்த வியாபாரி, "ஏல மையத்துலகூட இம்புட்டு டென்ஷன் இல்லைண்ணே" என்றார்.

அந்த டென்ஷனுக்கு நடுவில்தான் மும்முனை கரண்ட் வந்தது. தோப்பில் அது வருகிற நேரத்துக்குத் தண்ணீர் பாய்ச்சியாக வேண்டும், ரயிலா தென்னையா என்ற கேள்வியே கிடையாது. லோகோ ஷெட்டிலிருந்து அலறிப் புடைத்து இன்ஜின்களை வெளியே தூக்கினோம். மோட்டார் உறுமியது. வாய்க்காலில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்து உசிலம்பட்டி பிளாட்பாரத்தில் ஏறியது. சோழிப் பயணிகள் மிதந்தார்கள். தேரை சந்தோஷமாக நீந்திப் போனது. "அசல் உசிலம்பட்டிக்காரன் இந்தத் தண்ணியப் பார்த்தா ஏங்கிப் போவான்" என்று யாரோ சொல்ல, கொஞ்ச நேரம் சிரித்தபடியே மண்வெட்டியால் கரை கட்டினோம்.

சாப்பாட்டை வாத்தியார் வீட்டம்மா கம்பம் பிளாட்பாரத்துக்குப் பக்கத்திலேயே பரிமாறினார். நாட்டுக்கோழிக் குழம்பு, ரசம், மோர். "மதினி, ரோஜாப் பாத்தி வழியா ஒரு லைன் போட்டா லோயர் கேம்ப் இன்னும் கிட்டத்துல வரும்" என்று டாக்டர் மெதுவாக ஆரம்பித்தார். "போடுங்க தம்பி. அதுக்கப்புறம் சோறு ஓட்டல்லதான்." லைன் பேச்சு அதோடு முடிந்தது. திண்டுக்கல்லிலிருந்து கம்பம் வழியாக லோயர் கேம்புக்கு ரயில் கேட்டுப் பள்ளத்தாக்கு மக்கள் பல காலமாகப் போராடுகிறார்கள். அந்தக் கூட்டங்களுக்குப் போய்வந்த ஒருவர் பந்தியில் இருந்தார். கம்பம் பெயர்ப்பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, அதை முன்னால் வைத்து செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார், 'வந்தாச்சு' என்று. பத்தாவது நிமிஷம் டிக்கெட் விலை கேட்டு ஒரு சித்தப்பா போன் பண்ணினார்.

சாயங்காலம் டாக்டர் துண்டுக்குள் பொத்திக் கொண்டுவந்ததைப் பிரித்தார். அசல் நீராவி இன்ஜின்! பொம்மைச் சத்தம் இல்லை, உண்மையிலேயே தண்ணீர் கொதித்து ஓடுவது. பல் மருத்துவமனை சிரிஞ்சில் தண்ணீர் ஏற்றினார். சொட்டு எண்ணெய். லைட்டர் நிரப்புகிற கேஸ். தீக்குச்சி காற்றில் அணைந்தது, இன்னொன்றும் அணைந்தது. நாலு பேர் வேட்டியை விரித்துச் சுவர் கட்டினோம். 'புஸ்' என்று நெருப்பு பிடித்தது. சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பிரஷர் மீட்டர், அதன் முள்ளையே எல்லாரும் குத்தவைத்துப் பார்த்தோம். முள் அசைந்தது. "தள்ளிக்குங்க, முதல்ல துப்பும்" என்று சொல்லி முடிப்பதற்குள் புகைபோக்கி வெந்நீரைத் துப்பியது. மாஸ்டரின் வெள்ளைச் சட்டையில் எண்ணெய்ப் புள்ளிகள். மனிதர் துடைக்கவே இல்லை. மோந்து பார்த்தார். "ஒய்.பி. இன்ஜின் வாசனை" என்றார். டாக்டர் விரலைச் சுட்டுக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தார். இன்ஜின் கம்பம் வரைக்கும் போய், வாழைத்தார் வேகன் இரண்டை இழுக்க மறந்து, விசிலடித்துக்கொண்டு திரும்பியது.

விளக்கு வைக்கிற நேரம். பெட்டிகளைத் துடைத்து மோட்டார் ரூமுக்குக் கொண்டுபோகிறார்கள். மாஸ்டர் மட்டும் எழுந்திருக்கவில்லை. ரிஜிஸ்டரைப் படிக்கச் சொன்னோம், சத்தமாகவே படித்தார்.

"வண்டி மூணு, ஆண்டிபட்டியில் தாமதம். காரணம்: மயில். வண்டி அஞ்சு, ரத்து. காரணம்: மோட்டார் வெள்ளம். வாழைத்தார் வேகன் ரெண்டு, கம்பத்திலேயே நிற்கிறது. காரணம்: டாக்டர்."

"சார், அதை அடிச்சிருங்க. காத்துன்னு எழுதுங்க" என்றார் டாக்டர்.

"ரிஜிஸ்டர்ல அடிச்சுத் திருத்தக் கூடாது. வேணும்னா பக்கத்துல ஒரு கையெழுத்துப் போடுங்க."

சுட்ட விரலைத் தூக்கிப் பிடித்தபடி, டாக்டர் இடது கையால் கையெழுத்துப் போட்டார்.