பீச் ரோடு இருக்கு, பீச் எங்கே போச்சு? புதுச்சேரி மணலை இழந்த கதை

வீக்எண்டுக்கு புதுச்சேரி போனால் 'ராக் பீச்'சில் ஒரு செல்ஃபி கட்டாயம். பின்னால் தெரியும் அந்தக் கருங்கற்களை இயற்கையான பாறை என்றுதான் பலரும் நினைக்கிறோம். இல்லை. கடல் அரிப்பைத் தடுக்க லாரிகளில் கொண்டுவந்து கொட்டிய கற்கள் அவை. ஒரு காலத்தில் அங்கே மணல் இருந்தது. அது எங்கே போச்சு?

துறைமுகம் இல்லாத துறைமுக நகரம்

1674-ல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே குடியேறியது கடல் வணிகத்துக்காக. ஆனால் கப்பல் கரைக்கு வருமளவு ஆழம் கிடையாது. கப்பல்கள் தள்ளி நங்கூரம் போடும். சலங்கு எனப்படும் படகுகளில் உள்ளூர் படகோட்டிகள் அலையைக் கடந்து போய் சரக்கை இறக்கி வருவார்கள். அப்படிக் கப்பல்கள் வந்துபோன செய்திகளை 18-ம் நூற்றாண்டில் ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார்.

1860-களில் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் வந்தது. அந்த நூற்றாண்டில் இங்கிருந்து நீலத் துணி செனகலுக்குப் போனது, நிலக்கடலை பிரான்சின் மார்செய் நகருக்குப் போனது. 1952 புயலில் அந்தப் பாலம் அழிந்தது. பிறகு சற்றுத் தெற்கே இன்னொரு பாலம் கட்டினார்கள். 2022 மார்ச்சில் அதிலும் ஒரு பகுதி இடிந்து விழுந்தது.

இரண்டு பாலங்களும் நின்றது கால்களின் மேல். அலையும் மணலும் அடியில் தாராளமாகப் போய்வந்தன. கதையில் இது முக்கியம்.

மணலுக்கு விழுந்த தடை

நம்ம கிழக்குக் கடற்கரையில் மணல் ஓர் இடத்தில் நிற்காது. வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மட்டும் திசை மாறும். மொத்தக் கணக்கில் ஆண்டுக்கு பல லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போகிறது.

1980-களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதிய துறைமுகம் வந்தது. அதன் வாயைக் காக்க இரண்டு கல் சுவர்கள் கடலுக்குள் நீண்டன. இவற்றுக்குக் கால்கள் இல்லை. வந்த மணல் தெற்கே வீராம்பட்டினம் பக்கம் தேங்கியது. வடக்கே இருக்கும் நகரத்துக்கு வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

தேங்கும் மணலைப் பம்ப் செய்து வடக்கே அனுப்ப வேண்டும் என்பதும் திட்டத்தில் இருந்தது. அது தொடர்ச்சியாக நடக்கவில்லை.

கல் கொட்டினால் தீராதா?

கல் கொட்டிய இடத்தில் சாலை தப்பியது. ஆனால் மணல் பஞ்சம் அடுத்த ஊருக்கு நகர்ந்தது. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலைநகர், அதற்கும் மேலே தமிழ்நாட்டின் தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் என அரிப்பு வடக்கே ஏறிக்கொண்டே போனது. மீனவர்களுக்குக் கரை என்பது வியூ பாயின்ட் இல்லை. படகு ஏற்றவும், வலை உலர்த்தவும், கரைவலை இழுக்கவும் மணல் வேண்டும். அது போனால் அடுத்து வீட்டுச் சுவரில்தான் அலை அடிக்கும்.

மணல் திரும்புமா?

கொஞ்சம் திரும்பியிருக்கு. 2018-ல் தேசிய கடல் தொழில்நுட்பக் கழகத்தின் வடிவமைப்பில், தலைமைச் செயலகம் அருகே கடலுக்கடியில் எஃகால் ஆன செயற்கைத் திட்டு வைக்கப்பட்டது. அலையின் வேகத்தை அது குறைக்க, அங்கே மணல் சேர்ந்தது. துறைமுக வாயில் தூர்வாரிய மணலையும் கரையில் கொட்டினார்கள். பீச் ரோட்டில் மறுபடி மணலில் கால் வைக்க முடிந்தது இப்படித்தான்.

ஆனால் துறைமுகச் சுவர்கள் அங்கேயேதான் இருக்கின்றன. மணலை வருடா வருடம் வடக்கே கடத்திவிடும் வேலை நிற்காமல் நடந்தால்தான் இது நிலைக்கும். நகரத்துக்கு மட்டும் பீச் கிடைத்து, வடக்குக் குப்பங்களுக்குக் கற்கள் மட்டும் மிஞ்சினால், அது தீர்வு ஆகாது.

அடுத்த முறை அந்தக் கற்கள் மேல் உட்காரும்போது ஒரு தடவை வடக்கே திரும்பிப் பாருங்கள். உங்களுக்கு அது செல்ஃபி ஸ்பாட். அங்கே இருப்பவர்களுக்கு அது போன கரையின் அடையாளம்.