மலை நகர்வதை விண்ணிலிருந்து அளத்தல்

செய்மதி ராடார் மண்சரிவை இரண்டு வகையில் காட்டித் தருகிறது. சரிவு நடந்து முடிந்த பின் எந்தெந்த இடம் சரிந்தது என்று வரைந்து காட்டுவது ஒன்று. சரிவதற்கு நெடுநாள் முன்பே, ஆண்டுக்குச் சில மில்லிமீற்றரோ சென்ரிமீற்றரோ என்ற கணக்கில் மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும் மலைச்சாய்வைக் கண்டுபிடிப்பது மற்றது. இலங்கையின் மலையகத்துக்கு இரண்டும் வேண்டும். உயிர்களைக் காப்பாற்றக்கூடியது இரண்டாவதுதான்.

ராடார் தன் நுண்ணலைத் துடிப்பைத் தானே அனுப்பி, தரையில் பட்டுத் திரும்புவதைப் பதிவுசெய்கிறது. அதற்கு வெயில் தேவையில்லை. முகிலும் அதை மறைப்பதில்லை. மண்சரிவைப் பொறுத்தவரை இது பெரிய விடயம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தது போன்ற நாள்களில், சாதாரண ஒளிப்படச் செய்மதிக்குத் தெரிவது முகிலின் முதுகு மட்டுமே. ராடார் படத்திலோ, தேயிலையும் மரமும் நின்ற சாய்வு வெறும் மண்ணாகிவிட்டால் திரும்பும் அலையின் வலு மாறிவிடும். மழைக்கு முன் எடுத்ததையும் பின் எடுத்ததையும் ஒப்பிட்டுச் சரிவின் தடத்தை வரையலாம். வீதி அறுந்து, தொலைபேசியும் செத்துப்போன தோட்டங்களுக்கு மீட்புக் குழு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை அந்தப் படம் சொல்லும்.

மெதுவான நகர்வை அளப்பது இதைவிட நுட்பமானது. திரும்பி வரும் அலை தன் ஏற்ற இறக்கத்தின் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் ராடார் குறித்துவைக்கிறது. ஐரோப்பாவின் சென்டினல்-1 செய்மதி ஏறத்தாழ 700 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றி, 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்கு வருகிறது. அதன் அலைநீளம் 5.6 சென்ரிமீற்றர். இரு வருகைகளுக்கிடையே நிலம் செய்மதியின் பார்வைக்கோட்டில் 2.8 சென்ரிமீற்றர் விலகினால், போக வர அலை நடக்கும் தூரம் சரியாக ஓர் அலைநீளம் கூடும். கட்டம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும். அதில் ஒரு சிறு பங்கு மாறினாலும் கணக்கில் பிடிபடும். ஒரு தடவையில் பதிவாகும் பட்டை 250 கிலோமீற்றர் அகலம், அதாவது இலங்கைத் தீவின் மிக அகன்ற இடத்தையும் விடக் கூடுதலானது.

பிரான்சின் லா கிளாப்பியேர் மலைச்சரிவில் இம்முறை பயன்படும் என்பது ஈஆர்எஸ்-1 செய்மதியின் தரவைக்கொண்டு 1990களிலேயே காட்டப்பட்டது. 2017 ஜூன் 24இல் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் சின்மோ கிராமத்தை மலை மூடியது. பிறகு ஆய்வாளர்கள் சென்டினல்-1 படங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோது, உச்சிப் பகுதி முன்னரே நகர்ந்துகொண்டிருந்ததும், கடைசி வாரங்களில் அந்த நகர்வு வேகம் பிடித்ததும் தெரிந்தது. தகவல் இருந்தது, உரிய நேரத்தில் எவரும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்ரோபர் 29 காலையில் லயன் குடியிருப்புகள் மண்ணுக்குள் போயின. சென்டினல்-1 படங்கள் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது அதே மாதத் தொடக்கத்தில்தான். பின்னோக்கிப் பார்க்க அந்த வரிசையில் படங்களே இல்லை. ஆனால் அந்த இடம் அபாயமானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரித்த பிறகும் மக்கள் பாதுகாப்பான காணிக்கு மாற்றப்படவில்லை. அந்த இடைவெளியை எந்தச் செய்மதியாலும் நிரப்ப முடியாது.

மலையகம் ராடாருக்கு எளிதான நிலமும் அன்று. இங்கு நான்கு தடைகள் உண்டு. செய்மதி சாய்வாகப் பார்ப்பதால் அதை நோக்கியிருக்கும் மலைமுகம் படத்தில் நசுங்கிவிடும்; செங்குத்தான மறுபக்கம் நிழலில் மறைந்துவிடும். வடக்குத் தெற்காகப் பறப்பதால், வடக்கு நோக்கியோ தெற்கு நோக்கியோ நகரும் சாய்வு அதன் கண்ணில் சரியாகப் படாது. ஈரம் மிகுந்த காற்று அலையைத் தாமதப்படுத்தி, இல்லாத நகர்வை இருப்பதாகக் காட்டும். இவற்றையெல்லாம் விடப் பெரிய தொல்லை பசுமைதான். கொழுந்து பறித்தாலும், காற்றடித்தாலும், கவ்வாத்து வெட்டினாலும் இலைப்பரப்பு மாறும். 12 நாளுக்குப் பின் அதே இடம் அதே விதமாக அலையைத் திருப்புவதில்லை. கட்டக் கணக்கு குலைந்துபோகிறது.

மாறாமல் நிற்கும் பொருள்கள்தான் இதற்குத் துணை. 2000ஆம் ஆண்டளவில் மிலான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உருவான முறை, பாறை, சுவர், கூரை போன்ற நிலையான புள்ளிகளை மட்டும் பொறுக்கியெடுத்து ஆண்டுக்கணக்கில் பின்தொடர்கிறது. தேயிலைச் சாய்விலோ நிலையான புள்ளிகள் அரிது. அங்கு பெரும்பாலும் கிடைப்பது லயன்களின் சுவரும் தகரக் கூரையும், அதாவது ஆபத்தில் இருப்பவர்களின் வீடுகளே.

நாசாவும் இஸ்ரோவும் சேர்ந்து உருவாக்கிய நைசார் செய்மதி 2025 ஜூலை 30இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அதன் எல் அலைவரிசையின் அலைநீளம் ஏறத்தாழ 24 சென்ரிமீற்றர். இவ்வளவு நீண்ட அலை இலைகளை ஓரளவு ஊடுருவிக் கிளையையும் தரையையும் தொடும். அதனால் பசுமை மூடிய சாய்விலும் கணக்கு எளிதில் குலையாது. மலையகத்துக்குப் பொருத்தமான கருவி இதுவே.

ஆனால் சரியும் மணிநேரத்தைச் சொல்ல 12 நாளுக்கு ஒருமுறை வரும் கருவியால் ஆகாது. அது மழைமானியின் வேலை. 24 மணிநேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 ஆனால் எச்சரிக்கை, 150 ஆனால் வெளியேற்றம் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோல். இந்த அளவு ஒரு பிரதேசம் முழுவதற்கும் பொதுவானது. அங்குள்ள நூற்றுக்கணக்கான சாய்வுகளில் எது ஏற்கெனவே நகரத் தொடங்கிவிட்டது என்பதை அது பிரித்துக் காட்டாது. நகரும் சாய்வு எதுவென்று ராடார் வரிசை காட்டினால், மழைமானியையும் வெடிப்பு அளவியையும் முதலில் எந்தத் தோட்டத்தில் நடுவது, எந்த லயனை முதலில் இடம்மாற்றுவது என்று மழைக்காலத்துக்கு முன்பே முடிவெடுக்கலாம்.