வெள்ளை உருண்டைகளும் வெள்ளைக் கரடியும்

பனி மூடிய மலை உச்சியில் ராட்சசக் குழந்தைகள் பந்து விளையாடிவிட்டு, பந்துகளை அப்படியே போட்டுவிட்டு ஓடிப் போயிருந்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருக்கிறது 'ஸ்வால்சாட்'.

நார்வேக்கும் வட துருவத்துக்கும் நடுவே உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளில், லாங்யியர்பியென் ஊருக்கு அருகே ஒரு மலைமேல் 1997 முதல் இந்த நிலையம் வேலை செய்கிறது. இன்று அங்கே நூற்றுக்கு மேற்பட்ட ஆன்டெனாக்கள். அந்தக் கோடிக்கு ஏன் போனார்கள் என்கிறீர்களா? துருவங்களின் மேலாகச் செல்லும் செயற்கைக் கோள் தினமும் சுமார் 14 முறை பூமியை வலம் வருகிறது. பூமியும் சுழல்வதால், பூமத்திய ரேகைப் பக்கத்து ஊர்களுக்குச் சில சுற்றுக்களில்தான் அது அகப்படும். இந்த மலைக்கோ ஒவ்வொரு சுற்றிலும் தரிசனம்!

நீங்கள் காமிராவுடன் அங்கே போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஏமாற்றம். வானத்தைத் தேடித் திரும்பும் பெரிய கிண்ணங்கள் பெரும்பாலும் உருண்டைக் கூண்டுகளுக்குள் கோஷா ஸ்திரீகளைப் போல மறைந்திருக்கும். ரேடியோ அலை கூண்டுக்குள் நுழையும். காற்றும் பனியும் நுழையா. புதிய ஆன்டெனாவை நிறுத்தும் சமயமாகப் பார்த்துப் போனால்தான் கிண்ணத்தைப் படம் பிடிக்க முடியும்.

அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை சூரியன் தலை காட்டுவதில்லை. குளிரில் பாட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். மாற்றுப் பாட்டரியை உள்சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருக்க வேண்டும். மூச்சுப் பட்டாலே கண்ணாடியில் உறைபனி. வீட்டுக்குள் நுழையுமுன் காமிராவைக் காற்றுப் புகாத பையில் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே வந்ததும் அதன்மேல் நீர் முத்து முத்தாகக் கோத்துக்கொள்ளும்.

பிராணிகள் விஷயத்தில் அதிர்ஷ்டம் உண்டு. குட்டைக் கால் கலைமான்கள் மனிதரை அதிகம் லட்சியம் செய்வதில்லை. குளிர்காலத்தில் வெண்மையாகிவிடும் டார்மிகன் பறவையும் நரியும், பனியோடு பனியாகக் கலந்து உங்களை ஏமாற்றும்.

கரடி விஷயம் வேறு. 2020 ஆகஸ்டில், இதே மலையடிவாரத்து விமான நிலையத்தை ஒட்டிய முகாமில், கூடாரத்தில் தூங்கியவரைப் பனிக்கரடி ஒன்று கொன்றது. சுடப்பட்ட அந்தக் கரடியும் விமான நிலைய வாகன நிறுத்தத்தில் செத்துக் கிடந்தது. ஒரே இரவில் இரண்டு உயிர்! ஊர் எல்லையைத் தாண்டுகிறவர் கரடியை விரட்டும் சாதனம் எடுத்துப் போக வேண்டும் என்பது அங்கே சட்டம்.

2025-இல் இன்னொரு விதியும் வந்தது. கரடிக்கு 300 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். படம் எடுப்பவர்களுக்கு இது வருத்தந்தான். எனக்கென்னவோ இது நியாயமாகவே படுகிறது. குட்டியுடன் இரை தேடும் தாய்க் கரடிக்கு நம் ஆல்பத்தைப் பற்றி என்ன கவலை?

ஆகவே, உங்கள் படத்தில் கரடி மஞ்சள் கலந்த ஒரு சிறு புள்ளியாகத்தான் விழும். வீட்டில் காட்டும்போது, "இதோ, இதுதான்!" என்று விரலால் தொட்டுக் காட்ட வேண்டியிருக்கும்.