கடைசிக் குழாயில் தண்ணீர் வருகிறதா?

காலனித் தெரு எதற்குள் நுழைந்தாலும் நம் கண்ணில் முதலில் படுவது குழாயடியில் வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் குடங்கள்தான். வீட்டுக்கு வீடு இணைப்பு கொடுத்தாகிவிட்டது என்கிறது ஊராட்சிப் பதிவேடு. ஆனாலும் குடங்கள் நகரவில்லை. காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. குழாய் போகிற வழியில் நடந்து பார்த்தாலே போதும்.

மேல்நிலைத் தொட்டியிலிருந்து புறப்படும் குழாய் பல கிராமங்களில் ஊர்த் தெருக்களை எல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் காலனிக்கு வருகிறது. வழியில் சில வீட்டுக்காரர்கள் குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சுகிறார்கள். காலனிக்கு வரும்போது தண்ணீர் நூலாக ஒழுகுகிறது. அழுத்தம் இல்லாத குழாயில் உடைப்பு இருந்தால் பக்கத்துச் சாக்கடை நீரும் உள்ளே புகும். ஆகவே குறைந்த தண்ணீரும் கெட்ட தண்ணீரும் ஒரே தெருவுக்குத்தான் போய்ச் சேர்கின்றன. தண்ணீர் தரமாட்டோம் என்று இன்று யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. குழாய் போட்ட விதமே அதைச் செய்துவிடுகிறது.

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டப்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தண்ணீர் தர வேண்டும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு 275 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் பிடித்தால் 18 குடங்களுக்கு மேல். நம் காலனிகளில் எத்தனை வீடுகளுக்கு இது கிடைக்கிறது?

பாதுகாப்பான குடிநீர் மனித உரிமை என்று 2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானம் நிறைவேற்றியது. 2022 நிலவரப்படி உலகில் 220 கோடி பேருக்கு அந்த வசதி இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் கணக்கிட்டன. நாடு வாரியான கணக்கு அது. ஒரே கிராமத்தில் ஊருக்கும் காலனிக்கும் உள்ள வித்தியாசம் அதில் தெரியாது.

வேங்கைவயல் சொல்வது

அந்த வித்தியாசத்தை நாடறியச் செய்தது புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல். குழந்தைகள் அடுத்தடுத்து நோயுற்றபோது, குடிநீரைப் பாருங்கள் என்று மருத்துவர் சொன்னார். 2022 டிசம்பர் 26 அன்று 10,000 லிட்டர் தொட்டியின் மீது ஏறிப் பார்த்தவர்கள் கண்டது மனித மலம். அந்தத் தண்ணீரைத்தான் பட்டியலின மக்கள் குடித்திருந்தார்கள். 2023 ஜனவரியில் வழக்கு சிபிசிஐடிக்கு மாறியது. 2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகை, பாதிக்கப்பட்ட தரப்பைச் சேர்ந்த மூன்று இளைஞர்களையே குற்றவாளிகள் என்றது. மக்கள் அதை ஏற்கவில்லை. சிபிஐ விசாரணை கேட்டுப் போராடினார்கள். நாமும் கேட்கிறோம்: இரண்டு ஆண்டுகள் காத்திருந்த மக்களுக்கு, அவர்கள் நம்பும்படியான பதிலைச் சொல்ல வேண்டியது யார் பொறுப்பு?

நூறாண்டு உரிமை

தண்ணீருக்கான சட்டப் போராட்டம் நமக்குப் புதிதல்ல. பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டசபையில் கொண்டு வந்தது 1924இல். மகாராஷ்டிரத்தின் மகாத் நகரில் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களோடு சௌதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தியது 1927 மார்ச் 20இல். அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது கூறு, பொதுக் கிணறு, குளங்களைப் பயன்படுத்துவதில் சாதியின் பேரால் தடை கூடாது என்கிறது. நம் மக்கள் பயன்படுத்தும் நீர்நிலையை அசுத்தப்படுத்துவது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்.

சட்டம் கையில் இருக்கிறது. அதைக் குழாயடி வரை கொண்டு வர வேண்டியது நம் வேலை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. அதில் ஒன்று மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். அங்கே நாம் எழுந்து கேட்க வேண்டியவை சில.

தண்ணீரின் அளவையும் தரத்தையும் தொட்டியடியில் பார்க்காமல் காலனியின் கடைசிக் குழாயில் பாருங்கள். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும். சோதனைத் துளி விட்டால் நீர் மஞ்சளாகும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் பார்த்துச் சொல்லலாம். தொட்டியைக் கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுதுங்கள், மூடிக்குப் பூட்டுப் போடுங்கள். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்துக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சி தர வேண்டும். அந்த ஐவரில் நம் தெருப் பெண்கள் எத்தனை பேர்?

வாய்மொழியாகச் சொன்னால் காற்றில் போய்விடும். தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு ஒருமுறை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.