முள்ளம்பன்றிக் காசு

அரசன் பெயர் இல்லை, ஆண்டும் இல்லை; சட்டைப் பொத்தான் அளவில் தடித்த வெள்ளித் துண்டு, எடை ஏறத்தாழ 1 கிராம். இதன் அடையாளத்தை உருவத்திலிருந்துதான் தேட வேண்டும். வளைந்த முதுகின்மேல் சிலிர்த்து நிற்கும் கோடுகளைக் கண்டு காசியலார் இதை 'முள்ளம்பன்றி' என்றனர். உற்றுப் பார்த்தால், அது விலங்கே அல்ல என்ற கருத்துதான் பொருந்துகிறது: மணிமுடி தரித்த தலை ஒன்று, படியெடுக்கப் படியெடுக்கச் சிதைந்து, கூந்தல் கோடுகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. காசின் பின்புறத்தில் உள்ள சதுரமும் உரோமப் படைக்கொடியின் வழிவந்ததே.

இங்கிலாந்து வயல்களில் ஏராளமாகக் கிடைப்பதால் இதை ஆங்கிலோ-சாக்சன் அச்சு என்று சொல்லலாமே எனக் கேட்கலாம். கிடைத்த இடமும் அச்சிட்ட இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நெதர்லாந்தின் டோம்பர்க் கடற்கரையிலும் இவ்வகை பெருமளவில் கிடைத்திருக்கிறது; அந்தக் கரையோரப் பகுதியான ஃபிரிசியாவும் ரைன் முகத்துவாரப் பகுதியுமே இதன் தாயகம் என்பது வலுவான முடிவு. இங்கிலாந்திலும் சிலர் இதைப் பார்த்து அச்சடித்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் ஆக்ஸ்போர்டுஷயரின் ஆஸ்டன் ரோவன்ட்டில் 1971 முதல் வெளிப்பட்ட, கி.பி. 710 அளவில் புதைக்கப்பட்ட 300-க்கும் மேற்பட்ட காசுகளில் பெரும்பகுதி கடல் கடந்து வந்தவை. வணிகம் அத்தனை வெள்ளியைக் கொண்டுவந்தது. அதனால்தான் இதை 'ஆங்கிலோ-சாக்சன் மக்களிடம் புழங்கிய ஃபிரிசியக் காசு, ஏறத்தாழ கி.பி. 695–740' என்று குறித்திருக்கிறோம்.