‘ஒரே ஒரு ஓவர் மச்சி!’

பும்ராவுக்குக் காயம்னு நியூஸ் வந்தா நீங்க என்ன சொல்வீங்க? ‘ஐ.பி.எல்-னா ஓடி வருவாங்க... நாட்டுக்கு ஆடணும்னா உடம்பு வலிக்கும்!’ எங்க ஹாஸ்டல் டி.வி ரூமில் அடிக்கடி கேட்கிற டயலாக் இது. நானும் சொன்னவன்தான், ‘ஃபெட்டீக்’ பாடம் படிக்கிற வரைக்கும்!

மெக்கானிக்கல்காரங்களுக்குத் தெரியும். மத்தவங்க ஒரு ஜெம் கிளிப்பை எடுத்து மடக்கி மடக்கி நிமிர்த்துங்க. முதல் தடவை ஒண்ணும் ஆகாது. உள்ளே மட்டும் கண்ணுக்குத் தெரியாம விரிசல் வளரும். திடீர்னு... ‘படக்’!

ஃபாஸ்ட் பவுலரின் முதுகெலும்பும் அப்படித்தான். பந்து வீசும்போது முன்னங்கால் தரையில் மோதுற விசை, உடல் எடையைவிடப் பல மடங்கு. அதே நொடியில் கீழ்முதுகு வளையவும் திரும்பவும் செய்யுது. ஒரு பந்து ஒண்ணும் செய்யாது. ஓய்வே இல்லாத ஆயிரம் பந்து, எலும்பில் விரிசல் போடும். அதுதான் ‘ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர்’!

பும்ராவுக்கு 2019-லேயே அது வந்தது. 2022-ல் மறுபடியும் முதுகு, டி20 உலகக் கோப்பை போச்சு. 2023-ல் ஆபரேஷன். 2024-25 ஆஸ்திரேலியத் தொடரில் 150 ஓவருக்கு மேல வீசி 32 விக்கெட் எடுத்தவர், சிட்னியில் கடைசி இன்னிங்ஸுக்குப் பந்து வீச வரவே இல்லை!

அட்டவணையைப் பாருங்க. 2023-ல் ஐ.பி.எல் ஃபைனல் மே 30 அதிகாலையில் முடிஞ்சது. ஜூன் 7-ல் லண்டனில் டெஸ்ட் சாம்பியன்ஷிப் ஃபைனல்! ஒரு மேட்சுக்கு 4 ஓவர் போட்டுப் பழகின உடம்பு, ஒரே வாரத்தில் நாளுக்கு 15, 20 ஓவருக்கு மாறணும். இந்தத் திடீர் ஏற்றம்தான் ஆபத்து.

நம்ம வயசில் இன்னும் மோசம். கீழ்முதுகு எலும்பு முழுசா முத்தவே இருபதுகளின் நடுப்பகுதி ஆகிடும். ஆஸ்திரேலியாவின் பேட் கம்மின்ஸ் 2011-ல், 18 வயசில், முதல் டெஸ்ட்டிலேயே ஆட்டநாயகன். அடுத்த டெஸ்ட் எப்போ தெரியுமா? 2017! நடுவுல முதுகுக் காயமும் சிகிச்சையும் துரத்திச்சு. ஆனா, அதே கம்மின்ஸ்தான் 2023-ல் கேப்டனா உலகக் கோப்பையைத் தூக்கினார். இரும்பில் விழுந்த விரிசல் தானா ஆறாது பாஸ்... எலும்பு ஆறும். ஓய்வு கொடுத்தா!

இதை நான் லேட்டாத்தான் புரிஞ்சுக்கிட்டேன். எங்க டீம் ஃபாஸ்ட் பவுலர் காலையில் ஒரு மேட்ச், மதியம் ஒரு மேட்ச், ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமென்ட்னு ஓடினவன். ‘முதுகு பிடிக்குதுடா’ன்னான். ‘ஒரே ஒரு ஓவர் மச்சி’ன்னு பந்தை அவன் கையில் திணிச்சது நான்தான். இந்த சீசன் முழுக்க அவன் பவுண்டரிக்கு வெளியே ஸ்கோர் எழுதுறான்.

உங்க டீமிலும் ஒருத்தன் இடுப்பைப் பிடிச்சுட்டு நிற்பான். ‘நடிக்காதே’ன்னு சொல்லாதீங்க. முதல்ல பந்தை வாங்கி வைங்க!