வேனை விற்பதா... வைத்துக் கொள்வதா?



கல்யாணச் சீராக வந்த தையல் மிஷினை எடைக்குப் போட மனசு வராமல் தவித்ததை ஒரு சகோதரி இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். எங்கள் வீட்டிலும் அதே தவிப்புதான். பொருள்தான் கொஞ்சம் பெரிசு... எங்கள் வெள்ளை மாருதி ஆம்னி வேன்!

2005 நவம்பரில் வாங்கினோம். அப்போது பெரியவனுக்கு ஏழு வயசு, சின்னவளுக்கு மூன்று. மாமனார், மாமியார், நாங்கள் நாலு பேர், போதாததற்கு ஊரிலிருந்து வந்த யாராவது ஒருத்தர். கோடை லீவு விட்டால் பின் சீட்டைக் கழற்றி வைத்துவிட்டு, கோரைப்பாய் மேல் மெத்தையை விரித்து விடுவோம். புளியோதரைத் தூக்கு, மண்ணெண்ணெய் ஸ்டவ், தண்ணீர் குடம் எல்லாம் ஏறும். குற்றாலம், பழனி, ராமேஸ்வரம் என்று எங்கே போனாலும் லாட்ஜ் தேடியதே இல்லை. நிழல் கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தி, கீழே இறங்கி ரசம் வைப்பார் என் மாமியார். வெளிநாட்டுக்காரர்கள் வண்டியிலேயே குடித்தனம் நடத்துவதை என் மகன் இப்போது செல்போனில் காட்டி, "கேம்பர் வேன்மா, சூப்பரா இருக்குல்ல?" என்கிறான். "இதைத்தானேடா உங்க பாட்டி அப்பவே செஞ்சாங்க" என்றேன்.

2010-ல் என் கணவருக்குச் சேலத்துக்கு மாற்றல். நாங்கள் திருச்சியில். ஒருநாள் ராத்திரி மாமனாருக்கு நெஞ்சுவலி. வாசலில் வேன் நிற்கிறது, ஓட்ட ஆள் இல்லை! தெருமுனைக்கு ஓடி ஆட்டோ பிடித்து வருவதற்குள் முக்கால் மணி நேரம். எப்படியோ பிழைத்துக் கொண்டார். மறுவாரமே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். "பொம்பளைக்கு எதுக்கும்மா இதெல்லாம்" என்று முதலில் சொன்ன மாமியார்தான், பிறகு முன் சீட்டில் கம்பீரமாக உட்கார்ந்து காய்கறி மார்க்கெட்டுக்கு வந்தார். ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். கத்திரி வெயிலில் உட்கார்ந்தால் தோசைக்கல்தான்! ஆனாலும் அது என் வண்டி. அதில்தான் நான் யாரையும் எதிர்பார்க்காமல் வெளியே போகக் கற்றேன்.

2025-ல் பிரச்னை ஆரம்பித்தது. சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம். அப்புறம் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2020-ல் புதுப்பித்தபோது அதற்கான கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலில் அது 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில், 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். எதிர்வீட்டு மாமி வேறு, "பதினஞ்சு வருஷம் தாண்டினா போலீஸ் தூக்கிண்டு போயிடுவாளாமே" என்று பயமுறுத்தினார். அது டில்லிப் பக்கத்துக் கட்டுப்பாடு மாமி, நமக்கு இல்லை என்று சமாதானம் சொன்னேன்.

என் கணவர் ரிட்டயர் ஆகி வந்துவிட்டார். "இந்தா பாரும்மா, சின்னக் காருக்கெல்லாம் செப்டம்பர்லேர்ந்து ஜி.எஸ்.டி. 28-லேர்ந்து 18 ஆயிடுச்சு. இதைத் தள்ளிட்டு வேற வாங்கிடலாம்" என்றார். மகனோ, "எதுக்குப்பா வண்டி? டாக்ஸியைக் கூப்பிட்டா வருது" என்றான். நான் மட்டும் 'கூடவே கூடாது' என்று நின்றேன். மாமியாருக்கு மூட்டுவலி, தள்ளுகிற கதவுதான் வசதி என்று காரணம் சொன்னேன். பொய்யில்லை. ஆனால் உள்ளுக்குள் வேறொன்று. புது வண்டி வந்தால் சாவி யார் கையில் இருக்கும்? அவர் வீட்டோடு இருக்கும்போது என்னை ஓட்டச் சொல்வாரா?

கணக்கு நோட்டைப் புரட்டினேன். இரண்டு வருஷத்தில் ரேடியேட்டர் 6,500, கிளட்ச் 5,800, நாலு டயர் 13,200, சைலன்சர் 3,200, டிங்கரிங் வெல்டிங் 14,500. மொத்தம் 43,200 ரூபாய்! அப்போதும் மனசு கேட்கவில்லை. 'புது வண்டித் தவணைக்கு இது எவ்வளவோ மேல்' என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிக் கொண்டேன்.

பதிவு புதுப்பிக்கும் முன் மெக்கானிக் தம்பியிடம் காட்டினோம். வண்டியைத் தூக்கி நிறுத்தி, "அக்கா, நீங்களே வந்து பாருங்க" என்று டார்ச் அடித்தார். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடம் முறுக்கு மாவு மாதிரி உதிர்கிறது! "எஞ்சின் இன்னும் ஓடும்க்கா. ஆனா இதுல ஆளை ஏத்தாதீங்க. எத்தனை தடவை பத்த வைக்கிறது?"

ஆம்னியில் முன்னால் மூக்கே கிடையாது. நம் முழங்காலுக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவில் ஒரு தகடுதான். புதிய பாதுகாப்பு விதிகளுக்கு ஒத்துவராது என்றுதான் 2019-ல் கம்பெனியே அதை நிறுத்தியது. இருபது வருஷம் இதையெல்லாம் யோசிக்காமல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறோம். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

விற்பது என்று முடிவானது. உடனே ஒருவர் 55,000 ரூபாயோடு வந்துவிட்டார். ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றப் போகிறாராம். துருவைப் பற்றிச் சொன்னேன். "அதெல்லாம் பெயிண்ட் அடிச்சுக்கலாம்மா" என்றார். எனக்குத் திக்கென்றது. உடைக்கக் கொடுத்தால் 24,000-தான் என்று ஏற்கெனவே விசாரித்திருந்தோம்.

"முப்பத்தோராயிரம் ரூபாய் சும்மா போகுதே" என்று இவர் முணுமுணுத்தார்.

"என்னங்க, நம்ம பேரப்பிள்ளை ஏறக்கூடாதுன்னு விக்கிற வண்டியில ஊரான் பிள்ளை ஏறலாமா?" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அவரே வந்தவரை அனுப்பிவிட்டார்.

அரசிடம் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் ஒப்படைத்தோம். வைப்புச் சான்றிதழ் என்று ஒன்று தருகிறார்கள். அதைக் காட்டினால் புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் தள்ளுபடி. பழைய வண்டியை யாரிடம் கொடுத்தாலும் ஆர்.சி.யில் உங்கள் பெயரை மாற்றாமல், அல்லது பதிவை ரத்து செய்யாமல் விடாதீர்கள். நாளைக்கு அந்த வண்டி எங்காவது மோதினால், போலீஸ் உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். லாரி வந்து வேனை ஏற்றிக்கொண்டு போனபோது மாமியார் உள்ளே போய்விட்டார். நான் சாவிக்கொத்தில் இருந்த பிள்ளையாரை மட்டும் கழற்றி வைத்துக் கொண்டேன்.

புது வண்டி பார்க்கப் போனோம். தள்ளுகிற கதவு வைத்த வேன்தான், காற்றுப்பையும் உண்டு. விற்பனைப் பையன் எல்லாவற்றையும் இவரைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தான். "ஓட்டிப் பார்க்கிறீங்களா சார்?" என்று சாவியை நீட்டினான். இவர் வாங்கி என் கையில் கொடுத்து, "அவங்கதான் ஓட்டுவாங்க" என்றார்! எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

வண்டி என் பெயரில் பதிவாகியிருக்கிறது. முன் சீட்டில் ஏற மாமியாருக்குப் படி கொஞ்சம் உயரம். ஒரு சின்ன மரப்பலகைக்கு ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன்.

– ஒரு வாசகி, திருச்சி